மெதுவாகக் குறைக்கச் சொன்னவர்களுக்கு

மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள், இரவெல்லாம் கூட விழித்திருந்த வீட்டார் அனைவருக்கும்,

வணக்கம். வலி மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. "எல்லாம் உங்கள் மன உறுதி" என்று பார்ப்பவர்கள் எங்களைப் பாராட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. யாருக்கு எதற்காக என்பதைக் கணக்கோடு எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, "நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லாத மருத்துவர்களுக்கு. டிரமடால், கோடீன், மார்ஃபின், ஆக்சிகோடோன் போன்ற, ஓபியாய்டு எனப்படும் கடுமையான வலி மருந்துகளைச் சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடல் பழகிவிடும். சீட்டில் எழுதியபடி ஒரு மாத்திரைகூடக் கூட்டாமல் சாப்பிட்டவருக்கும் அப்படித்தான். அவரைப் போதைக்காரர் என்று பார்க்காமல் விளக்கிச் சொன்னீர்கள், அதுவே பாதி மருந்து. சட்டென்று நிறுத்தினால் கடும் உடல் உபாதை, அடங்காத வலி, தற்கொலை எண்ணம்வரை போகக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது. டிரமடாலில் இன்னொரு சிக்கல்: அது மூளையில் மனநிலையைப் பாதிக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மீதும் வேலை செய்வதால், நிறுத்தும்போது பதற்றமும் உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் சிலருக்கு வரும். இது முன்பே தெரிந்தால் பயம் குறையும்.

ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவருக்கு மாதம் 10 சதவீதம், சில வாரமோ சில மாதமோ சாப்பிட்டவருக்கு வாரம் 10 சதவீதம் என்று அளவைக் குறைப்பது பொதுவான வேகம். இந்தக் கணக்கு கடைசிப் பகுதியில்தான் ஏமாற்றும். நாளுக்கு 400 மி.கி. டிரமடால் எடுப்பவர் 50 மி.கி. கேப்சூல் ஒன்றைக் குறைத்தால் 12.5 சதவீதம்; தாங்கிவிடலாம். 100இல் இருக்கும்போது அதே ஒன்றைக் குறைத்தால் சரிபாதி போய்விடுகிறது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி என்ன" என்று நினைக்கும் இடத்தில் பலர் சறுக்குவது இதனால்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவதும் தீர்வாகாது. மருந்தின் பாதி சுமார் ஆறு மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால், இரண்டு நாளைக்கு ஒருமுறை மருந்து கிடைக்காத உபாதையை உடல் சின்னதாக அனுபவிக்கும்.

இங்கேதான் மருந்தாளுநர்கள் கைகொடுத்தீர்கள். கேப்சூலுக்குப் பதில் சொட்டு மருந்தாக மாற்றலாம் என்று மருத்துவரிடம் பேசினீர்கள். ஒரு சொட்டில் எத்தனை மி.கி. என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்று எச்சரித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையை உடைத்தால் பல மணி நேரத்து மருந்து ஒரேயடியாக இறங்கி மூச்சை நிறுத்திவிடும் என்று உறையின் மேலேயே எழுதித் தந்தீர்கள். கோடீனோடு பாராசிட்டமால் கலந்த மாத்திரையை எடுப்பவர்களுக்கு, தலைவலிக்கென்று தனியாகப் போட்டுக்கொண்ட பாராசிட்டமாலையும் சேர்த்து நாளுக்கு 4 கிராம் தாண்டுகிறதா என்று கூட்டிப் பார்த்தீர்கள். கல்லீரல் கெடும்வரை யாருக்கும் உறைக்காத கணக்கு அது.

ஒரு படி இறங்கியபின் தூக்கம் கெட்டால், அதே அளவில் சில வாரம் நிற்கலாம், மறுபடி ஏறத் தேவையில்லை என்று சொன்னவர்களை மறக்க மாட்டோம்.

செவிலியர்களே, குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்தின் கடைசி டோஸுக்குப் பின் 8 முதல் 24 மணி நேரத்தில் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கும், பிறகு மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, ஓயாமல் காலை அசைக்கத் தோன்றும் தவிப்பு, பெரும்பாலும் 4 முதல் 10 நாளில் அடங்கும் என்று வரிசையாகச் சொல்லி வைத்தீர்கள். இந்த உபாதைகளைத் தணிக்கும், ஆனால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குளோனிடின் தரும் முன் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தீர்கள். வயிற்றுப்போக்குக்கான லோபரமைடை அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்று தடுத்தீர்கள். ஓபியாய்டுப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் பியூப்ரினார்ஃபின் தொடங்கியவர்களை "இன்னும் நேரம் ஆகவில்லை" என்று காக்க வைத்தபோது திட்டாதவர்கள் குறைவு. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த மருந்து பழைய மருந்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஆனால் பாதி வேலைதான் செய்யும். முன்கூட்டியே தந்தால் நாள்கணக்கில் வர வேண்டிய உபாதை ஒரே நேரத்தில் கொட்டும். அதனால்தான் 12 முதல் 24 மணி நேரம் பொறுத்து, நாடித் துடிப்பு, வியர்வை, கண்மணி என்று 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்துத் தொடங்கினீர்கள். நாக்குக்கடியில் முழுதும் கரைய வேண்டும், விழுங்கினால் வீண், கரைந்தபின் வாய் கொப்பளித்து ஒரு மணி நேரம் கழித்தே பல் தேய்க்க வேண்டும். பற்களைக் காப்பாற்றியதற்குத் தனி நன்றி.

பிசியோதெரபிஸ்டுகளுக்கு: ஓபியாய்டே நரம்புகளின் வலியுணர்வைக் கூட்டிவிடுவதுண்டு என்றும், குறைக்கும்போது எழும் வலியெல்லாம் பழைய நோய் திரும்பியதாக ஆகாது என்றும் நீங்கள் சொல்லாவிட்டால் பலர் பாதியில் திரும்பியிருப்பார்கள். நல்ல நாளில் அதிகம் நடக்காமலும் மோசமான நாளில் படுத்தே கிடக்காமலும் ஒரே அளவில் நடக்க வைத்தீர்கள்.

வீட்டாருக்கு எப்படி நன்றி சொல்வது? மாத்திரைப் பெட்டியைப் பூட்டி, கெஞ்சலுக்கும் கோபத்துக்கும் அசையாமல் அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுத்தீர்கள். ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் நாலோக்சோன் மூக்கு ஸ்பிரேயைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தீர்கள். அளவு குறைந்த உடம்புக்குப் பழைய டோஸ் உயிருக்கே ஆபத்து. தூக்க மாத்திரையோ மதுவோ நரம்பு வலிக்கான பிரிகாபலினோ சேர்ந்தால் இன்னும் மோசம். மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்து, தட்டியும் எழாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்து ஸ்பிரே அடிப்பது, 2, 3 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொன்று, மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று ஒத்திகை பார்த்தீர்கள். எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டீர்கள்; ஸ்பிரேயின் பலன் 30 முதல் 90 நிமிடம்தான், வயிற்றில் இருக்கும் மருந்து அதைவிட நேரம் நிற்கும்.

பூஜ்யத்துக்கு வராமல் பியூப்ரினார்ஃபினிலேயே ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்களும் எங்களில் உண்டு. வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அவர்களை அவசரப்படுத்தாத மருத்துவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கு நிறுத்தாமல் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, அறுவை சிகிச்சைக்கு முன் பழைய பழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மயக்க மருந்து நிபுணர்களுக்கும், எத்தனை மாத்திரை, எத்தனை நாள், எந்தத் தேதியில் நிறுத்துவது என்று சீட்டிலேயே எழுதிவிடும் பல் மருத்துவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

நன்றியுடன்,
மீண்டவர்களும் மீண்டுகொண்டிருப்பவர்களும்