தொகுதிக் கணக்குக்குப் பிள்ளை கேட்கும் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய தென்மாநிலத் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் நர்ஸம்மா என்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் போட்ட துண்டுப் பிரசுரத்தையும், மாத்திரை அட்டையையும், நிரோத் ஆணுறைப் பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய தலைமுறை. "நாமிருவர் நமக்கிருவர்" என்று சுவரில் எழுதியது அரசாங்கம். அதை அடுப்படி வரை கொண்டுபோய்ச் சொன்னது எங்களைப் போன்றவர்கள். இப்போது அதே அரசாங்கத்தின் மேடையிலிருந்து வேறு பேச்சு கேட்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

2024 அக்டோபரில் சென்னையில் அறநிலையத் துறை 31 ஜோடிகளுக்குத் திருமணம் நடத்தியது. அந்த மேடையில் அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதி குறையும் என்று சொல்கிற காலத்தில் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று மக்கள் நினைக்கிற நிலை வந்திருப்பதாகச் சிரித்தபடி பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், முன்பெல்லாம் நிதானமாகப் பெற்றுக்கொள்ளச் சொல்வோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்றிருந்த விதியை அவருடைய அரசு 2024-லேயே நீக்கிவிட்டது. அங்கே ஒரு எம்.பி., மூன்றாவதாகப் பெண் பிறந்தால் 50,000 ரூபாய், ஆண் பிறந்தால் பசுமாடு என்று அறிவித்தார். மாடு கொடுப்பவருக்குக்கூட ஆண் வேறு, பெண் வேறுதான்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 1971 கணக்கெடுப்பை வைத்துத்தான் இன்றுவரை மாநிலங்களுக்கு லோக்சபா இடங்கள். 1976-ல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம், மறுபடி பிரிக்காமல் அந்தக் கணக்கிலேயே நிறுத்தி வைத்தது. 2002-ல் வந்த இன்னொரு திருத்தம் 2026 வரை நீட்டித்தது. அதற்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பை வைத்துப் பிரித்தால், சொன்ன பேச்சைக் கேட்டு அளவாகப் பெற்ற மாநிலம் நஷ்டப்படும். ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறோம். 1962 தேர்தலில் மதராஸ் மாநிலத்துக்கு 41 இடம், 1967-ல் 39.

சரி, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் தொகை 7.21 கோடி. 39-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சுமார் பதினெட்டரை லட்சம் பேர். தமிழ்நாட்டில் வருஷத்துக்குப் பிறக்கும் குழந்தைகள் சுமார் ஒன்பது லட்சம். உங்கள் பேச்சைக் கேட்டு, இந்த மாநிலத்துப் பெண்கள் எல்லோரும் ஒரு வருஷம் முழுக்க இரட்டிப்பாகப் பெறுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கூடுவது ஒன்பது லட்சம், அதாவது அரைத் தொகுதி. ஒரு எம்.பி. வேண்டுமென்றால் இரண்டு வருஷம் பெற வேண்டும். அதுவும் மற்ற மாநிலங்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால்! அடுத்த கணக்கெடுப்புக்கோ 2027 மார்ச் 1 என்று நாள் குறித்தாகிவிட்டது. எந்தக் கர்ப்பமும் அந்தக் கணக்கை மாற்றப் போவதில்லை.

பீகாரில் ஒரு எம்.பி.க்கு 26 லட்சம் பேர். அந்த ஊர்க்காரர், என் ஓட்டுக்கு மட்டும் ஏன் மதிப்புக் குறைவு என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அரசியல் சட்டம், ராஜ்ய சபா, நிதிக் குழு என்று அதற்கான இடங்கள் டெல்லியில் இருக்கின்றன. அங்கே முடிக்க வேண்டிய வழக்கை எங்கள் ஊர்ப் பிரசவ வார்டுக்கு அனுப்பாதீர்கள்.

இதற்கு முன்னாலும் அனுப்பினார்கள். 1952-ல் குடும்ப நலத்தைத் தேசியத் திட்டமாக்கிய முதல் நாடு இந்தியா. 1950களின் கடைசியிலேயே மதராஸ் அரசு கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பணம் கொடுத்தது. அவசர நிலையின்போது, 1976-77 என்ற ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவசர நிலை முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது, ஆனால் இத்தனை பேருக்கு ஆபரேஷன் என்று மேலிருந்து வரும் டார்கெட் நிற்கவில்லை. மார்ச் மாதம் வந்தால் கேஸ் பிடிக்க, அதாவது ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்க அலைவோம். பள்ளிக்கூட ஹாலில் கேம்ப். பெண்களைக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்போம், டாக்டர் மதியம் வந்து இறங்குவார். முடிந்ததும் தரையில் பெட்ஷீட் விரித்து வரிசையாகப் படுக்க வைப்போம். மயக்கம் தெளியாத பெண்ணின் கைக்குழந்தை வராண்டாவில் பாட்டி மடியில் பாலுக்கு அழும். அந்தப் பாட்டிக்கு மகள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. மாலையில் ஊக்கத்தொகையைக் கொடுத்து, ரேகை வாங்கி, வேனில் ஏற்றிவிடுவோம். 1996-ல் டார்கெட்டை அரசு கைவிட்டது என்று தாள் வந்தது. மீட்டிங்கில் கேள்வி கேட்பது நிற்க இன்னும் சில வருஷம் ஆனது.

படுத்தவர்கள் யார் என்று பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தழும்பில்லாத ஆபரேஷன், அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று எத்தனை ஆண்களிடம் சொல்லியிருப்பேன். "உழைக்கிற உடம்பு சிஸ்டர்" என்பார்கள். பக்கத்தில் தலையில் புல்லுக்கட்டோடு மனைவி நின்றுகொண்டிருப்பாள். ஜனத்தொகையைக் குறைத்த பெருமையை மாநிலம் எடுத்துக்கொண்டது. தையல் போட்டது இவள் வயிற்றில். இப்போது கூட்ட வேண்டும் என்றாலும் இவள் வயிறுதானா?

இன்னொன்று. ஜனத்தொகை நாங்கள் கேஸ் பிடித்ததால் மட்டும் குறைந்துவிடவில்லை. 1971 வாக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயது தாண்டாது. நாலு பெற்றால்தான் இரண்டு தங்கும் என்று பயந்தவர்களிடம் எந்தப் பிரசுரமும் பலிக்காது. தடுப்பூசி, சத்துணவு, பஸ் வசதி, பெண் பிள்ளை பத்தாவது வரை படித்தது எல்லாம் சேர்ந்து அந்தப் பயத்தைப் போக்கின. 2020-ல் சிசு மரணம் ஆயிரத்துக்கு 13. பிள்ளைகளும் சராசரி ஒன்றரைக்கு வந்துவிட்டது. இந்தக் குறைவுக்கு ஓர் அசிங்கமான பக்கமும் உண்டு. இரண்டோடு நிறுத்து, அதில் ஒன்று ஆணாக இருக்கட்டும் என்றபோது கள்ளிப்பாலும் ஸ்கேன் சென்டரும் வந்தன. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் எதற்காக வந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

உலகம் முழுக்க நடப்பதும் இதுதான். 1960களில் வருஷத்துக்கு இரண்டு சதவீதம் பெருகிக்கொண்டிருந்தோம். சோறு போதாமல் கோடிக்கணக்கில் சாவார்கள் என்று மேல்நாட்டு அறிஞர்கள் அப்போது எழுதினார்கள். இன்று வளர்ச்சி ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். 2080களில் சுமார் 1030 கோடியில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும் என்பது ஐ.நா. 2024-ல் சொன்ன கணிப்பு. வரம்பைப் பஞ்சம் போடும் என்று எதிர்பார்த்தார்கள். பெரும்பாலான நாடுகளில் அதைப் போட்டது படித்த பெண்கள்தான்.

பூமிக்கு வரம்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தோம். இந்தியாவின் நிலத்தில் நான்கு சதவீதம் வைத்துக்கொண்டு, மக்களில் ஆறு சதவீதம் பேர் இங்கே இருக்கிறோம். 2011-லேயே சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். அதிகம் பெறுங்கள் என்பவர், அந்தப் பிள்ளைக்கு எந்த ஏரியிலிருந்து தண்ணீர் என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டாமா?

பிறப்பைக் கூட்ட நினைத்த அரசு எப்படித் தோற்றது என்று தெரிய வெகுதூரம் போக வேண்டாம், சிங்கப்பூர் போதும். 1972-ல் அங்கே "இரண்டோடு நிறுத்துங்கள்" என்று பிரசாரம். மூன்றாவது, நான்காவது பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் கூட, பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைவு. 1987-ல் திருப்பிப் போட்டார்கள். வசதியிருந்தால் மூன்று, அதற்கு மேலும் பெறுங்கள் என்றார்கள். வரிச்சலுகை, போனஸ், வீட்டுச் சலுகை என்று கொட்டிக் கொடுத்தார்கள். 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.97. தென் கொரியா இன்னும் கீழே, 0.72. நிறுத்து என்றால் நிற்கும், ஓடு என்றால் ஓடும் என்பதற்குப் பிள்ளைப்பேறு மாட்டு வண்டி இல்லை.

பெரியார் பெயரைச் சொல்லி அரசியல் செய்பவர்களிடம் தனியாக ஒன்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் குடி அரசு இதழின் பக்கங்களில் கர்ப்பத்தடைக்காக அவர் வாதாடினார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல் நலத்துக்காகவும் கேட்டதை, அவர் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். தேசத்தின் கணக்கு, சொத்தின் கணக்கு எதற்காகவும் அவள் பெற வேண்டியதில்லை என்பதுதான் அந்த வாதம். தொகுதியின் கணக்கு மட்டும் அதில் விதிவிலக்கா?

ஒன்றோடு நிறுத்தியவர்களிடம் எப்போதாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? புருஷன் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார். மாமியாருக்கு முட்டி வலி. கம்பெனி வேன் காலை ஆறரைக்கு வந்துவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "இன்னொண்ணு பெத்துக்கலாமே" என்று கேட்டதற்கு, "எல்.கே.ஜி. ஃபீஸ் நீங்க கட்டுறீங்களாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். போன பிரசவம் ஆபரேஷன் என்பதால் பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. நான் மேலே சொன்ன 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். இன்னொரு பக்கம், ஒன்றுகூடத் தங்காமல் நகையை அடகு வைத்துக் கருத்தரிப்பு மையத்துக்கு நடப்பவர்கள். பெற விருப்பம் இல்லாதவர்களைவிட, விரும்பியும் முடியாதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

உங்கள் அரசாங்கமே என்ன செய்தது? தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். மறுமணம் செய்து அடுத்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்புக் கேட்டார். இரண்டுக்கு மேல் கிடையாது என்று விதியைக் காட்டினார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 மே மாதம்தான் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேடையில் பதினாறு, கோப்பில் இரண்டு!

முதுமை பற்றிய கவலையை மட்டும் நான் மறுக்க மாட்டேன், அது உண்மையானது. 2021-ல் தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 ஆகும் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. ஆனால் இன்று பிறக்கும் பிள்ளை சம்பாதிக்க இருபது வருஷம் ஆகும். அதுவரை முதியோர் உதவித்தொகையில் தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கும் கிழவிக்கு அந்தப் பிள்ளையால் பயன் இல்லை. இப்போதே இங்கே உழைத்துக்கொண்டிருப்பவர்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். செங்கல் சூளையிலும் நூல் மில் குவார்ட்டர்ஸிலும் அவர்கள் குழந்தைகளுக்கு நான் தடுப்பூசி போட்டிருக்கிறேன். ஊசி போட்டதும் அழும் குழந்தைக்கு அம்மா இந்தியில் ஏதோ சொல்வாள், அக்காவாக நிற்கும் சிறுமி தமிழில் மொழிபெயர்ப்பாள். அவர்கள் இங்கேயே குடியிருந்தால் கணக்கெடுப்பிலும் இங்கேதான் எண்ணப்படுவார்கள். ஆள் குறைகிறது என்று கவலைப்படும் நீங்கள், வந்திருக்கும் ஆட்களுக்கு ரேஷனும் பள்ளிக்கூடமும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்த்ததுண்டா?

அப்புறம், நான் கேட்பது இவ்வளவுதான். மகப்பேறு விடுப்பு விதியில் அந்த இரண்டு பிள்ளை வரம்பு மிச்சம் இருந்தால் எடுங்கள். அங்கன்வாடியை மில் ஷிப்ட் முடியும் வரை திறந்து வையுங்கள். கருத்தரிப்புச் சிகிச்சையை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். ஆண் ஆபரேஷன் பற்றி ஒரு முறையாவது மேடையில் பேசுங்கள். தொகுதி விஷயத்தை டெல்லியில் போராடி வாங்கி வாருங்கள், அதற்கு நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். திருமண மேடையில் மட்டும், மணமக்கள் எத்தனை பெற வேண்டும் என்பதை அவர்களிடமே விட்டுவிட்டு, தாலியை எடுத்துக் கொடுங்கள், போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்