மழையில்லாமல் ஏறிய தண்ணீர்

வட்டக்கச்சி, கிளிநொச்சி
கார்த்திகை

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். மூன்று நாளாக மழை விடவில்லை. பயிர் ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. இரணைமடுக் குளம் நேற்று 28 அடி காட்டியதாகக் கமக்காரர் அமைப்பில் சொன்னார்கள். 36 அடி வந்தால்தான் குளம் நிரம்பும். இன்னும் எட்டு அடி.

போன ஞாயிறு போனில் நீ கேட்டதுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, உங்களை இங்கே சுவிஸில் அந்த ஓஷினன் மலை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனது பிழையோ? அங்கே நீங்கள் கதைக்கவேயில்லை. விடியக்காலையில் கரையில் குந்தியிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்" என்றாய். லீவு எடுத்து, அவ்வளவு காசு கட்டி, குளக்கட்டில் வளர்ந்த மனிசனுக்கு இன்னொரு குளத்தைக் காட்டினேனே என்று நீ மனம் குழம்பி இருக்கிறாய். அப்படி நினைக்காதே பிள்ளை. எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும். அதுதான் எழுதுகிறேன்.

ரயிலிலேயே என் வாய் அடைத்துப்போனது உண்மைதான். அதுக்கு ஏரி காரணமில்லை. ப்ருட்டிகன் ஸ்ரேசன் தாண்டினதும், வேகமான ரயில்கள் மலைக்கு அடியால் போகிற புதுச் சுரங்கத்துக்குள் போய்விடும், நாங்கள் போவது 1913 இல் திறந்த பழைய பாதை என்று மருமகன் சொல்லிக்கொண்டு வந்தார். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும்போது கீழே மிட்ஹோல்ஸ் என்கிற சின்ன ஊர் தெரிந்தது. மர வீடுகள், பின்னால் செங்குத்தான பாறை. அந்தப் பாறைக்குள் இராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கு இருந்து, 1947 மார்கழியில் ஒரு இரவு வெடித்ததாம். ஒன்பது பேர் செத்துப்போனார்கள். வெடிக்காமல் மிஞ்சியது இன்னும் உள்ளே கிடக்கிறது. அதை எடுப்பதுக்காக 2030 அளவில் அந்தச் சனம் வீடுகளை விட்டு எழும்ப வேண்டும், பத்து வருடமளவுக்குத் திரும்பி வர ஏலாது என்று 2020 இல் அரசாங்கம் அறிவித்ததாம்.

சொல்லிவிட்டு மருமகன் என் முகத்தைப் பார்த்தார், சொல்லியிருக்கக் கூடாதோ என்கிற மாதிரி. யுத்தம் முடிந்து 2010 இல் நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கண்ணிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நட்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்ட பிள்ளைகள் முழங்காலில் இருந்து, ஒரு சாண் தரையை அரை மணித்தியாலம் சுரண்டுவார்கள். அந்தப் பலகையைத்தான் நான் நினைத்தேன். எங்களுக்கு ஒரு இரவுகூட முன்னால் சொல்லவில்லை. மிட்ஹோல்ஸ் சனத்துக்குப் பத்து வருடம் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். வைத்த மரத்தைப் பத்து வருடம் பார்த்துப் பார்த்துத் தண்ணி ஊற்றிவிட்டு எழும்புவதா, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக ஓடுவதா, எது பெரிய வேதனை என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. கண்டர்ஷ்டேக் ஸ்ரேசன் வரும்வரைக்கும் அந்த யோசனைதான்.

ஏரியைப் பார்த்ததும் அது போய்விட்டது.

கேபிள் காரில் ஏறி, மாட்டுமணிச் சத்தத்துக்குள்ளால் அரை மணித்தியாலம் நடந்து, மரங்களுக்கு நடுவில் திடீரென்று அந்த ஓஷினன் ஏரி வந்ததே, அப்போது எனக்கு முதலில் வந்த கேள்வி "வான் எங்கே?" என்பதுதான். உன்னிடம் கேட்டேன். நீ வானத்தைக் காட்டிச் சிரித்தாய். இல்லையம்மா, நான் தேடியது குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணி பாய்கிற வான்கதவை. ஒரு குளத்தைக் கண்டால் கட்டு எது, வாய்க்காலுக்குத் தண்ணி விடுகிற துருசு எது, வான் எது என்றுதானே என் கண் போகும். மூன்று பக்கமும் பாறைச் சுவர், அதில் வெள்ளை நூல் மாதிரி அருவிகள், மேலே 3600 மீட்டருக்கு மேல் உயர்ந்த பனிமலை. இவ்வளவு தண்ணி உள்ளே வருகிறது, வெளியே போகிற வழியைக் காணவில்லை.

பிறகு மருமகன் விளக்கினார். ஒரு காலத்தில் மலையே இடிந்து விழுந்து பள்ளத்தாக்கை மறித்ததாம். அதுதான் கட்டு. வான் இல்லை, துருசு இல்லை. தண்ணி அந்தக் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையால் நிலத்துக்குக் கீழே கசிந்து போய்க் கீழே ஊற்றாக வெளிவருகிறது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. குளக்கட்டில் கசிவு கண்டால் நாங்கள் இரவிரவாக மண்மூட்டை அடுக்கிக் காவல் இருந்திருக்கிறோம். அங்கே கசிவுதான் குளத்தைக் காப்பாற்றுகிறது.

பரப்பில் அது பெரிதில்லை. ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, எங்கள் கணக்கில் ஒரு 270 ஏக்கர். ஆழம் 56 மீட்டர். வளர்ந்த பனை இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் மூடிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1578 மீட்டர் உயரத்தில் இப்படி ஒரு ஆழத்தை வைத்திருக்கிறது இயற்கை. அந்த நீலப்பச்சை நிறம், பனி மலையை உரசிக் கொண்டு வருகிற மா மாதிரியான கல்தூளால் வருகிறதாம். நான் தண்ணிக்குள் காலை வைத்தேன். இருபது எண்ணுவதுக்குள் எலும்பு வலித்தது. பின்னேரத்தில் இரணைமடு அலைகரையில் காலை வைத்தால் இளஞ்சூடாக இருக்குமே, அதை நினைத்துக்கொண்டேன்.

பேரன் ஒரு பலகையை வாசித்துச் சொன்னான், அங்கே ஒரு நடைபாதை பூட்டியிருக்கிறது என்று. ஸ்பிட்ஸர் ஷ்டைன் என்கிற மலைமுகம் நகர்ந்துகொண்டிருக்கிறதாம். பாறை இடுக்குகளை இறுக்கிப் பிடித்திருந்த உறைபனி சூட்டில் இளகுகிறது, அதுதான் காரணமாம். கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள். பலகை நட்ட இடத்துக்குள் போகக்கூடாது என்று அவன் எனக்குக் கண்டிப்பாகச் சொன்னான். நல்ல பிள்ளை. அதை மறக்க விடாதே.

கடைசி கேபிள் காருக்குச் சனமெல்லாம் இறங்கிப் போன பிறகு அந்த இடம் வேறு இடமாகிவிட்டது. நீ இரவு தங்க ஏற்பாடு செய்திருக்காவிட்டால் நான் அதைக் கண்டிருக்க மாட்டேன். பகலில் கேட்காத அருவிச் சத்தம் ஒவ்வொன்றாகத் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது. நீ கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் விடுதி வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தின்றோம்.

நடுச்சாமத்தில் மலையில் கல் விழுந்த சத்தத்துக்கு நீ ஓடி வந்து என் கட்டிலருகில் நின்றாய். நான் நித்திரை மாதிரிக் கிடந்தேன், ஆனால் முழிப்பு. நீ எதுக்குப் பயந்தாய் என்று எனக்குத் தெரியும். ஷெல் என்றால் முதலில் தூரத்தில் ஏவுகிற சத்தம் கேட்கும், பிறகு நாங்கள் எண்ணுவோம், பிறகுதான் விழும். இது ஒரே சத்தம். விழுந்தது, எதிரொலித்தது, முடிந்தது. கல் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நீ போனதும் நல்லாய் நித்திரை கொண்டேன். இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேணும்.

சரி, விடியக்காலை விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் பின்னேரம் நான் ஒரு காய்ந்த குச்சியைக் கரையோரத் தண்ணிக்குள் ஊன்றி, நீர் மட்டத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்தேன். உங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கரைக் கற்களில் மேலே ஒரு கோடு ஓடியது, அதுக்குக் கீழே கற்கள் வெளிறிக் கிடந்தன. போன வருடம் தண்ணி அந்தக் கோடுவரைக்கும் நின்றிருக்கிறது, குளிர்காலத்தில் பல மீட்டர் இறங்கி, இப்போது திரும்ப ஏறுகிறது என்று கண்டுகொண்டேன். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கத்தான் குச்சி.

வெளிச்சம் வருமுன் போய்ப் பார்த்தேன். கீறல் இரண்டு விரல் தண்ணிக்குக் கீழே போயிருந்தது.

இரவு ஒரு துளி மழை இல்லை, பிள்ளை. முதல் நாள் நல்ல வெயில். அந்த வெயிலில் மேலே உருகின பனிதான் இரவிரவாக இறங்கி வந்து குளத்தை ஏற்றியிருக்கிறது. அறுபத்தெட்டு வயதுவரைக்கும் வெயில் என்றால் தண்ணியைக் குடிக்கிறது என்றுதான் எனக்குத் தெரியும். வெயில்காலச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் வைத்து இழுபறிப்படுவது அந்த வெயிலுக்குப் பயந்துதான். அங்கே வெயில் தண்ணியைக் கொண்டுவந்து தருகிறது. அதைப் பார்த்துத்தான் கண் கலங்கியது. இன்னும் ஒரு குளம் நிரம்புகிறதைக் கண்ட சந்தோசம் அது, வேறொன்றுமில்லை. வான் பாய்கிற நாளில் உன் அம்மாவும் இப்படித்தான் கண்ணைத் துடைப்பாள்.

அந்தச் சந்தோசத்துக்குள் ஒரு கவலையும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. 2022, 2023 இரண்டு வருடத்தில் மட்டும் சுவிஸ் மலைப்பனி பத்தில் ஒரு பங்கு அழிந்துபோனதாக மருமகன் காலைத் தேத்தண்ணியின்போது சொன்னார். அப்படியென்றால் நான் கண்ட இரண்டு விரலில் கொஞ்சம் விதைநெல்லைக் குத்திச் சமைத்தது. வீட்டில் சோறு நிறைய இருக்கிற மாதிரித்தான் தெரியும், அடுத்த போகத்தில்தான் விளங்கும்.

மார்கழியில் அந்த ஏரி உறைந்துவிடும் என்றாய். ஆனியில் திரும்பப் போனால் பேரனிடம் சொல்லு: நாங்கள் இடியப்பம் தின்ற வாசலுக்கு நேர் கீழே, கரையில் மேசை மாதிரி ஒரு தட்டைக் கல் இருக்கிறது. அதன் மேல்விளிம்புக்கும் தண்ணிக்கும் எத்தனை சாண் என்று அளந்து எனக்குச் சொல்லட்டும். பின்னேரம் ஒருமுறை, விடிய ஒருமுறை. அவன் சாணால் அளந்தால் போதும். பதிலுக்கு ஒவ்வொரு ஞாயிறும் இரணைமடுவின் அடிக்கணக்கை நான் அவனுக்குச் சொல்கிறேன். இப்போதைக்கு 28 என்று எழுதி வைக்கச் சொல்லு.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள். தை மாதம் அங்கே திரும்புகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறோம், மணம் போகாமல் இரண்டு பையில் கட்டி.

அன்புடன்,
அப்பா