விடுதி வாடகை மட்டும் பயணச் செலவு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் நானும் என் மனைவியும் மூன்று வாரங்கள் நியூயார்க், டொரோண்டோ, ஹியூஸ்டன் ஆகிய நகரங்களுக்குச் சென்று வந்தோம். விமானச் சீட்டையும் விடுதி வாடகையையும் பல நாள் ஒப்பிட்டுப் பார்த்த நாங்கள், விடுதி வாசலிலிருந்து எங்கெல்லாம் நடந்து போக முடியும் என்பதை ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. அந்தப் பிழை மற்ற வாசகர்களுக்கும் நேரக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஹியூஸ்டனில் நெடுஞ்சாலையோரம் நாங்கள் எடுத்த அறையின் வாடகை, நியூயார்க்கில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. சன்னலிலிருந்து பேரங்காடியின் பெயர்ப்பலகை தெரிந்தது. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து, காய்கறியும் மீனும் விற்கும் ஈரச்சந்தைக்குப் போகும் தூரம்தான் இருக்கும். முதல் நாள் மாலை தயிரும் வாழைப்பழமும் வாங்கக் கிளம்பினோம். விடுதி வளாகத்தைத் தாண்டியதும் நடைபாதை புல்தரையில் முடிந்துபோனது. அதற்கப்பால் இருந்தது, எங்களுக்கு முன் நடந்தவர்களின் கால் பட்டுப் பட்டு மண் தெரிந்த ஓர் ஒற்றையடித் தடம் மட்டுமே. ஆறு தடச் சாலையைக் கடக்க எங்களுக்கு விளக்கு எரிந்த பிறகும் கார்கள் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தன. சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்புவதற்கு அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் சட்டமே இடங்கொடுக்கிறது; நியூயார்க் நகரில் பொதுவாக அதற்கு அனுமதி இல்லை. முழங்கால் வலியுள்ள என் மனைவி சாலை நடுவிலிருந்த திட்டில் என் கையைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். அதன்பின் சாப்பாட்டுக்கும் சரி, பியர்லாந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் சரி, வாடகைக் கார்தான். நான்கு நாள் கார் செலவைக் கூட்டியபோது, அறையில் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் அதிலேயே போயிருந்தது.

நியூயார்க்கில் அறை வாடகை கையைக் கடித்தாலும் கால் எங்களைக் காப்பாற்றியது. மன்ஹாட்டனின் எண்ணிட்ட தெருக்கள் 1811ஆம் ஆண்டின் திட்டப்படி அமைந்தவை; வடக்குத் தெற்காக ஏறத்தாழ 20 தெருக்கள் ஒரு மைல் என்பதால், எவ்வளவு நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. சுரங்க ரயிலில் எத்தனை தூரம் போனாலும் ஏறக்குறைய 3 அமெரிக்க டாலர்தான். 7ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை சென்று, அகலமான நடைபாதையில் மெல்ல நடந்து, ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலின் கீழ்த்தள உணவகத்தில் தோசை சாப்பிட்ட அந்தக் காலைப் பொழுதை நாங்கள் மறக்க மாட்டோம். ஆயினும், அங்குள்ள 472 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் மின்தூக்கி வசதி முறையாக உள்ளது. மூத்தோர் இதை முன்னதாகவே பார்த்துக்கொள்வது அவசியம்.

டொரோண்டோ நகர மையத்தில், குளிருக்கு ஒதுங்கி நடக்க, கட்டடங்களை இணைக்கும் 30 கிலோமீட்டர் நிலத்தடிப் பாதை இருக்கிறது. அங்கு எங்களைத் திகைக்க வைத்தது விலைதான். பொருளின் விலை அட்டையில் எழுதிய தொகைக்கு மேல் 13 விழுக்காடு வரியைப் பணம் செலுத்தும்போதுதான் சேர்க்கிறார்கள். நியூயார்க்கில் அது 8.875 விழுக்காடு. உணவகமென்றால் அன்பளிப்பாக 18 முதல் 20 விழுக்காடு வரை எதிர்பார்க்கிறார்கள். நம் கடைகளில் ஒட்டிய விலையிலேயே பொருள் சேவை வரி அடங்கியிருப்பது எத்தனை நிம்மதி!

2018க்குள் நம் நிலப் போக்குவரத்து ஆணையம் சுமார் 200 கிலோமீட்டர் கூரையிட்ட நடைபாதைகளைக் கட்டி முடித்தது. அவற்றின் அடியில் தினமும் நடந்தும் அது செலவைக் குறைக்கும் வசதி என்று எனக்குத் தோன்றியதில்லை. இப்போது இங்கே சாலையைக் கடக்குமிடத்தில் என் மனைவி, பச்சை விளக்கு நேரத்தை நீட்டிக்கத் தம் மூத்தோர் அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் தட்டும்போதெல்லாம், ஹியூஸ்டனின் அந்தத் திட்டுதான் என் நினைவுக்கு வருகிறது.

தங்கள் நாளிதழின் பயணக் கட்டுரைகளிலும் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்களிலும், விடுதியிலிருந்து அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, வழியில் நடைபாதை உண்டா, நிலையத்தில் மின்தூக்கி உண்டா என்ற மூன்று விவரங்களையும் வாடகையோடு சேர்த்து வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்