அந்தியைப் படகில் காட்டுங்கள், சோற்றைக் கரையில் போடுங்கள்

டெல்டா கடற்கரையில் ரிசார்ட் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று இந்தக் கரை நெடுக அறைகள் கட்டி விருந்தினரை வரவேற்கும் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சூரியன் மறையும் நேரத்தில் கடலில் ஒரு படகுப் பயணம், படகிலேயே இரவு விருந்து என்று நம் பக்கமும் ஆரம்பித்திருக்கிறார்கள். அது கூடாது என்று சொல்வதற்காக எழுதவில்லை. நம் கரைக்கு நாலு பேர் வரவேண்டும், வந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்பவேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. என் வேண்டுகோள் இதுதான்: படகைக் கழிமுகத்துக்கு உள்ளேயே, வெளிச்சம் இருக்கும்போது மட்டும் விடுங்கள். இருட்டுவதற்குள் எல்லோரையும் கரை சேர்த்துவிடுங்கள். சாப்பாட்டை மணலில் பரிமாறுங்கள்.

முதலில் சூரியனைப் பற்றியே பேசிவிடலாம். கோவாவிலும் கொச்சியிலும் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. அதைப் பார்க்கத்தான் அங்கே மாலைப் படகு ஏறுகிறார்கள். அப்படியும் கோவாவில் பணஜியிலிருந்து புறப்படும் மாலைப் படகுகள் மாண்டோவி ஆற்றில்தான் ஓடுகின்றன. நமக்கோ கடல் கிழக்கே. தரங்கம்பாடியில் படகேறிக் கடலுக்குள் போனால், சூரியன் முதுகுப் பக்கம், சவுக்குத் தோப்புக்கும் பனைமரங்களுக்கும் பின்னால் மறையும். அதுவும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தில் மேற்குக் கடற்கரைப் படத்தைப் போட்டுவிட்டு இங்கே கூட்டிக்கொண்டு போனால், வந்தவர் ஏமாந்த முகத்தோடுதான் திரும்புவார். கோடியக்கரையில் கரை மேற்கே வளைந்து தெற்கு நோக்கித் திரும்புகிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்பதால் அங்கே நின்றால் கடல் பக்கமாகவே மறைவதைப் பார்க்கலாம். அதற்கு மேற்கே முத்துப்பேட்டை லகூன். டெல்டாவில் தண்ணீர்மேல் சூரியன் இறங்குவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

உங்களிடம் வருகிறவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேனிலவுக்கு வருகிற இளம் ஜோடிகள் கொஞ்சம் பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் முடித்துவிட்டு வருகிற குடும்பங்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு வந்தவர்கள், நாகூர் தர்காவுக்கும் திருநள்ளாறுக்கும் போய்வருகிறவர்கள். ஒரே குடும்பத்தில் முழங்கால் வலிக்காரத் தாத்தாவும் இருப்பார், தூக்கி வைத்திருக்கும் குழந்தையும் இருக்கும். உங்கள் படகு அவர்களுக்குத் தோதாக இருக்கவேண்டும்.

எங்கள் பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, குடும்பமாக ஒரு கடற்கரை ரிசார்ட்டில் தங்கினோம். எந்த ஊர், என்ன பெயர் என்பது வேண்டாம். அங்கே மாலை விருந்துப் படகுக்குப் பணம் கட்டினோம். ஏறுவதற்குத் துறை கிடையாது. அலை அடிக்கும் இடத்திலேயே இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றினார்கள். பெரியம்மாவின் பட்டுப்புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது. படகுத் தட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றைக்கூடத் தளத்தோடு பிணைக்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டுகளை மூலையில் மொத்தமாகக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "தேவைப்பட்டா எடுத்துக்கலாம் சார், கரைப் பக்கமாத்தான் போறோம்" என்றார்கள். ஸ்பீக்கரில் காது கிழியப் பாட்டு, பின்னால் ஜெனரேட்டர் புகை. பனீர் பட்டர் மசாலாவும் நான் ரொட்டியும் வந்தன. அலையில் படகு ஆட ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாந்தி எடுத்தார்கள். பெரியப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார், அவர் கைக்குத் தட்டு போகவேயில்லை. மிச்சம் மீதியை வாளியோடு கடலில் கவிழ்த்தார்கள், அதோடு காகிதக் கப்புகளும் போயின.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது திரும்பி வந்த விதம். நன்றாக இருட்டிவிட்டது. தட்டு முழுக்கச் சீரியல் விளக்கு எரிய, படகோட்டிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. "லைட்டை அணைங்க, கண்ணு கூசுது" என்று அவர் இரண்டு முறை கத்தியும் யாரும் அணைக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பழகிய கண் இருட்டைப் பார்க்க நேரமாகும், இது எந்தப் படகுக்காரருக்கும் தெரிந்த விஷயம். கடைசியில் அவரே தண்ணீரில் குதித்து, கயிற்றைப் பிடித்து இழுத்து, படகைக் கரைக்குத் திருப்பினார். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அந்த ஒரு மனிதர்தான் காரணம்.

எல்லா நாளும் அப்படி முடிவதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து படகேறியவர்களில் 22 பேர் இறந்தார்கள். கேரளத்தில் தானூரில் 2023 மே 7 அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டு தட்டுப் படகு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, சூரியன் மறைந்த பிறகும் ஓட்டினார்கள். தானூரில் நடந்தது நடுக்கடலில் அல்ல, கழிமுகத்தில். அதனால் கழி என்றாலே பத்திரம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கவேண்டும், கையில் இருந்தால் போதாது. பயணிகளுக்கென்றே கட்டி, பதிவு செய்து, சோதித்த படகாக இருக்கவேண்டும். எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு குழந்தையைக்கூட மடியில் வைத்து ஏற்றக்கூடாது. அப்புறம், வெளிச்சம். நம் பக்கம் கார்த்திகையில் 5.45 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஆனியில் 6.30 தாண்டும். மறைந்த அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. வருஷம் முழுக்க ஒரே நேரத்தில் புறப்படும் படகு, பாதி வருஷம் இருட்டில்தான் திரும்பும்.

கடல் விஷயத்தில் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை இன்னும் யாரும் மறக்கவில்லை. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்களே, அந்தக் கப்பலே சில நாட்களில் வடகிழக்குப் பருவமழையால் நிறுத்தப்பட்டது. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் எஞ்சின் நின்றால், சின்னப் படகைக் காற்று வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். அந்த நேரத்தில் உங்கள் விருந்தினர் கையில் சூப் கிண்ணம் இருக்கக்கூடாது.

சரி, எங்கே விடலாம்? காவிரி நமக்குத் தந்திருப்பது ஒரு வாய் இல்லை. பழையாறில் கொள்ளிடம், பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு, நாகையில் கடுவையாறு, வேளாங்கண்ணியில் வெள்ளையாறு என்று கடல்வரை கிளைத்துக் கிடக்கிறது. தண்ணீர் இருக்கும் மாதங்களில் முகத்துவாரத்தின் மணல்திட்டைத் தாண்டாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு மணி நேரம் சுற்றலாம். அலை உடைகிற இடம் அந்தத் திட்டுதான், அதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆற்றுக்குள் இருந்து பார்த்தால் சூரியன் வயல் பக்கம் நேரெதிரே இறங்கும். கூடு திரும்பும் கொக்குகளும் நீர்க்காகங்களும் தலைக்கு மேலே போகும். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே இதையே இன்னும் நன்றாகப் பார்க்கலாம். அது வனத்துறையின் இடம், அவர்களோடு பேசி அவர்கள் சொல்கிற முறைப்படிதான் போகவேண்டும். கோடை வந்து முகத்துவாரம் மணல் மூடிப்போனால், படகை நிறுத்திவிடுங்கள். விருந்தினரிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சத்தமும் புகையும் இல்லாத படகு என்றால் இன்னும் நல்லது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சோலார் படகு 2017 முதல் ஓடுகிறது. 75 பேர் உட்காரலாம். பிக்னிக் படகு இல்லை, தினமும் சனங்கள் போய்வரும் படகு. கூரையில் சூரியத் தகடு வைத்த ஒரு படகு, அரசலாற்றில் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பேச்சுக் குரலும் பறவைச் சத்தமும் காதில் விழும்.

ஓட்டுவதற்கு நம் மீனவர்களை வையுங்கள். அவர்கள் கண்ணும் கையும் போல வேறு எவருக்கும் வராது. ஆனால் மீன்பிடி ஃபைபர் படகில் பயணிகளை ஏற்றாதீர்கள், அந்தப் படகு அதற்காகச் செய்ததல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்லி, அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் குறைந்த கூலிக்குக் கூப்பிடுவதும் முறையல்ல. வருஷம் முழுக்கச் சம்பளம், முறையான பயிற்சி, காப்பீடு மூன்றையும் கொடுத்து வேலைக்கு வையுங்கள். "இன்னைக்கு வேண்டாம்" என்று படகோட்டி சொன்னால் அன்றைக்குப் படகு கிடையாது. மேலாளரோ விருந்தினரோ அதை மாற்றக்கூடாது. முதல் படகை இறக்குவதற்கு முன், அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். வலை விடுகிறவர்கள் பொழுது சாயும் நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். எந்த வழியாகப் போகலாம், எங்கே வலை கிடக்கும் என்பதை அவர்கள்தான் சொல்லமுடியும். உங்கள் படகின் விசிறியில் சிக்கி ஒரு வலை அறுந்தால், அந்தக் குடும்பத்துக்குப் பல நாள் வருமானம் போய்விடும்.

இப்போது சாப்பாடு. இதில்தான் நீங்கள் ஜெயிக்கப்போகிறீர்கள். கோவாவாலும் கொச்சியாலும் தரமுடியாத ஒன்று நம் கரையில் உண்டு. பௌர்ணமி அன்று, மேற்கே சூரியன் மறைகிற அதே நேரத்தில் கிழக்கே கடலுக்குள்ளிருந்து நிலா எழுகிறது. அடுத்த இரண்டு நாளும் கொஞ்சம் தாமதமாக, நன்றாக இருட்டிய பிறகு சிவப்பாக வரும். ஆற்றில் அந்தியைப் பார்த்துவிட்டு இறங்கி, நாலு எட்டு நடந்து கடற்கரை மணலுக்கு வந்தால் நிலாச்சோறு. சின்ன வயதில் பாட்டி கையால் உருட்டிக் கொடுத்துச் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் அதற்காகவே மறுபடி வருவார்கள். ஆடிப்பெருக்குக்குக் கட்டிக்கொண்டு போகிற கலந்த சாதங்களைப் போடுங்கள், புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், கூட வடகமும் அப்பளமும். திருக்கடையூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் பொருந்தும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அன்றைக்குக் காலையில் வந்த கொடுவா, மடவை, நண்டு. நாகூர் பக்கமென்றால் சூடாக இறால் வாடா. கடைசியில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. பக்கத்துக் குப்பத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுவிடம் சமையலைக் கொடுங்கள், குழம்பின் ருசிக்கு நான் உத்தரவாதம். வாழை இலையில் போட்டால் கடலில் கொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் சாய்ந்து உட்காரும் நாற்காலி வேண்டும், மற்றவர்களுக்குப் பாய் போதும்.

கரையில் விருந்து வைத்தாலும் விளக்கில் கவனம் தேவை. தை பிறந்தது முதல் சித்திரைவரை பங்குனி ஆமைகள் இரவில் இந்த மணலில்தான் ஏறி முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரிகிற பக்கம் நடக்கும். கடலுக்குப் போகவேண்டியவை உங்கள் ஃபோகஸ் லைட்டைப் பார்த்து நாய் வாய்க்குப் போகும். அந்த மாதங்களில் கடலைப் பார்த்தபடி எந்த விளக்கும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். தாழ்வாக, மூடி போட்ட விளக்குகளைத் தரையோரம் வைத்து, எட்டு மணிக்குள் விருந்தை முடித்துவிடுங்கள். பௌர்ணமி நாளில் நிலவே போதும்.

இதற்கெல்லாம் செலவாகும், தெரியும். படகில் விருந்து என்று விற்றால் வசூலிக்கும் தொகையைக் கரையில் விருந்துக்கு வாங்கமுடியாது என்றும் சிலர் சொல்வீர்கள். படகுக்குக் குறைவாகவும் சாப்பாட்டுக்கு நியாயமாகவும் வாங்குங்கள், பயந்து ஏறாமல் அறையிலேயே உட்கார்ந்துவிடும் பெரியவர்களும் அப்போது வருவார்கள்.

வரும் தைக்குள் உங்களில் யாராவது ஒருவர் முன்வந்து, ஊர்ப் பஞ்சாயத்தார், வனத்துறைக்காரர்கள், சுற்றுலாத் துறைக்காரர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டிப் பேசுங்கள். உங்கள் மாலைப் படகு எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை மணிக்குத் திரும்பும், எத்தனை பேர் ஏறலாம், யார் ஓட்டுகிறார் என்பதை வரவேற்பறையில் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டுங்கள். ஒட்டிய இடத்துக்கு எங்கள் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் முதல் பௌர்ணமிக்கே கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
நாகப்பட்டினத்திலிருந்து உங்கள் கரைக்காரி