குடத்துக்கு இடம் விடு

பாளையங்கோட்டை,
ஐப்பசி 22

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ அனுப்பின மூணு பாட்டும் வந்து சேர்ந்துது. ரோட்ஸ் பியானோவும் டெனர் சாக்ஸபோனும் ஹவுஸ்ங்கிற நடன இசைத் தாளத்து மேல உக்காந்திருக்கிற விதம் அருமை. அதுக்குள்ள வில்லுப்பாட்டுக் குடத்தையும் வில் மணியையும் கொண்டுவரணும்னு உனக்குத் தோணினது அதைவிடப் பெருசு. ஹவுஸ்ல கிக், அதாவது கால்முரசு, நாலு அடியிலயும் விழுது, ஹை-ஹேட் ஜால்ரா இடைவெளியில சிணுங்குது. வில்லுக்காரங்ககிட்டயும் அப்படித்தானே, கீழ குடம், மேல மணி. பொருந்தத்தான் செய்யும். ஆனா முதல் பாட்டுல குடம் செத்துக்கிடக்கு.

காரணம், குடத்தோட ஒவ்வொரு தட்டையும் கம்ப்யூட்டர்ல இழுத்துக் கட்டத்துல ஒட்டிட்டே. குவாண்டைஸ் பண்ணுனதை, அதான் அந்த ஒட்டலை, முழுசா நீக்கிரு. பாட்டு நிமிஷத்துக்கு 122 அடி. ஒரு அடிக்கு 492 மில்லிசெகண்ட், அதுல கால் பங்கு 123. குடம் அடிக்கிற அண்ணாச்சிக்கு இடைத்தட்டு 20 மில்லிசெகண்ட் பிந்தி விழுது. அது பிசகு இல்ல, நடை. எம்பிசி60 தாள மெஷின்ல ரோஜர் லின் வச்ச ஸ்விங் (இடைத்தட்டைப் பிந்தவிடுற) கணக்குல இதைப் பாரு: 50 சதவீதம்னா நேர் நடை, 66னா மூணுல ரெண்டு. 58 வச்சா, ரெண்டு தட்டுக்கான 246-ல முதல் தட்டு 143 எடுத்துக்கும், அடுத்தது நேர் கட்டத்தைவிட 20 தள்ளி விழும். அண்ணாச்சி கை அங்கதான் நிக்குது.

அதனால தலைகீழா செய். அவர் கை நல்லா இறங்கின எட்டு ஆவர்த்தத்தை எடு. அதுலருந்து க்ரூவை, அதாவது தட்டு முந்திப் பிந்தி விழுற நடையை, பிரிச்சு ஹை-ஹேட்டுக்கும் கிளாப்புக்கும் ரோட்ஸ் வெட்டுகளுக்கும் போடு. கிக் மட்டும் கட்டத்துல அசையாம நிக்கட்டும், ஆடுறவன் காலுக்கு அதுதான் தரை. கிக்கோட சேர்ந்து விழ வேண்டிய குடத்தட்டு 30 மில்லிசெகண்டுக்கு மேல விலகினா காதுக்கு ரெண்டு அடியா கேக்கும். அந்த ஒண்ணு ரெண்டை மட்டும் கையால நகத்து. அடுத்த தடவை பதியும்போது அவர் ஹெட்போன்ல டிக் டிக்னு கிளிக் போடாதே. கிக் லூப்பையே போட்டுக் குடு, அதுமேல சாஞ்சு வாசிப்பார்.

இன்னொரு கோளாறு சுருதி. உன் குடம் 92 ஹெர்ட்ஸ் பக்கம் முழங்குது, எஃப் ஷார்ப். பாட்டோ ஜி மைனர். அரைச் சுருதி வித்தியாசத்துல ரெண்டும் அடிவயித்துல உரசுது. ஈக்யூ (ஓசையோட ஒரு பகுதியை மட்டும் ஏத்தி இறக்குறது) வச்சுக் குடத்தோட அடியோசையை வெட்டினே பாரு, அதோட உயிரும் போச்சு. குடத்துல தண்ணி ஊத்து மாப்ள. உள்ள காத்து குறைஞ்சா ஓசை ஏறும். 92-ஐ ஜிக்கு, அதாவது 98-க்குக் கொண்டுவர உள்காத்துல சுமார் 12 சதவீதம் குறையணும். எட்டு லிட்டர் குடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சத்தே கம்மி. டம்ளர் டம்ளரா ஊத்தி ட்யூனரைப் பாத்துக்கோ. மண்குடம் தண்ணி குடிச்சு ஓசை மந்தமாகும், அதனால ஊத்தின கையோட பதிஞ்சிரு. அப்புறம் கிக்கை ஒரு ஸ்தாயி கீழ, 49-ல வை. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கிப்பிடிக்கும்.

மைக்கைக் குடத்து வாய்க்கு நேரா வைக்காதே. குடத்தைத் தட்டுற மட்டை தள்ளுற காத்து அடிச்சு "புஸ்"னு ஒரு சத்தம் விழும். பக்கவாட்டுல ஒரு சாண் தள்ளிச் சாய்ச்சு வை. மணிக்கு மேல தொங்கவிட்ட மைக் குடத்துலருந்து ஒரு மீட்டர் தூரம்னா அதுல குடத்தோசை 3 மில்லிசெகண்ட் பிந்தி வரும், ரெண்டு மைக்கும் சேரும்போது அடியோசை மெலிஞ்சு கேக்கும். ஒரு மைக்கோட போலாரிட்டியை (ஓசை அலையை மேல்கீழா மாத்துறது) திருப்பிப் பாத்து, எந்தப் பக்கம் அடியோசை கனமா இருக்கோ அதை வச்சுக்கோ.

ரெண்டாம் பாட்டுல நடுவில தாளம் நிக்கிற இடத்துல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல். அது ரோட்ஸ் பிக்கப் (உள்ள ஓசையைப் பிடிக்கிற காந்தச் சுருள்) கரண்டு இரைச்சலை இழுக்குறது. நம்ம ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ், கிக் 49-க்கு வந்துட்டா செகண்டுக்கு ஒரு தடவை ஓசை ஏறி இறங்கும், குடத்தோட 98-ம் கரண்டு இரைச்சலோட ரெட்டிப்பான 100-ம் இப்படியே இழுபடும். இப்பவே தீத்துரு. எல்லாத்துக்கும் ஒரே ப்ளக் போர்டுலருந்து கரண்டு எடு, இன்வர்ட்டரையும் டியூப்லைட் சோக்கையும் விட்டு ரோட்ஸைத் தள்ளிப் போடு, டிஐ பாக்ஸ்ல (ரோட்ஸை மிக்சரோட இணைக்கிற பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாரு. மிச்சத்துக்கு 100, 150-ல மெல்லிசா வெட்டு.

சாக்ஸுக்குச் சைட்செயின் (கிக் விழும்போதெல்லாம் மத்த ஓசையை அமுக்குறது) வேண்டாம், மூச்சு விக்குற மாதிரி ஆகுது. ரோட்ஸுக்கும் பேஸுக்கும் 3 டெசிபல் அமுக்கினா போதும்.

12 அங்குல வினைல் இசைத்தட்டா நிமிஷத்துக்கு 45 சுத்துல வெட்டப் போறேன்னு எழுதியிருக்கே, சந்தோஷம். பக்கத்துக்குப் பத்து நிமிஷத்தைத் தாண்டாதே. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் மோனோ, அதாவது இடம் வலம் ரெண்டும் ஒண்ணா, ஆக்கிரு, இல்லேன்னா ஊசி துள்ளும். ஊசி உள்ள போகப் போகக் கோட்டோட வேகம் குறையும், மேல்ஓசை கரகரக்கும். அதனால மணி நிறைஞ்ச மூணாம் பாட்டை வெளி ஓரத்துல முதல்ல வை.

உடுக்கையை இப்பப் பதியாதே. இந்த மழை ஈரத்துல தோல் தொய்ஞ்சு கிடக்கும், நாடாவை எவ்வளவு அமுக்கினாலும் குரல் எழும்பாது. தை வெயில் வரட்டும். பங்குனி, சித்திரைக்குத் தள்ளிராதே, கொடை தொடங்கிட்டா வில்லுக்காரங்களை ஒருநாள்கூடப் பிடிக்க முடியாது.

முதல் பாட்டோட குடத்தடத்தை மட்டும், ஒட்டாத பழைய பதிவா, அனுப்பு. எந்த எட்டு ஆவர்த்தம்னு குறிச்சு அனுப்புதேன்.

அன்புடன்,
உன் மாப்ள