கடனில் எது ஆபத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசின் கடன் பற்றிப் பேச்செழுந்தாலே ‘விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்’ என்று குடும்பக் கணக்கை உதாரணம் காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். குடும்பத்தால் நோட்டு அச்சடிக்க முடியாது, வரி போட முடியாது. ஜப்பானின் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் பெரும்பகுதி சொந்த மக்களிடம், சொந்த நாணயத்தில் வாங்கியது. 2010இல் கடன் நெருக்கடியில் தள்ளாடிய கிரேக்கத்தின் கடன் விகிதம் அதைவிடக் குறைவு. யூரோவை அச்சிடும் அதிகாரம்தான் அதனிடம் இல்லை.

கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று 2010இல் ஒரு ஆய்வு சொன்னது. அரசுச் செலவை வெட்டச் சொன்னவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 2013இல் ஒரு ஆராய்ச்சி மாணவர் அந்த ஆய்வின் எக்செல் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுத்தபோது ஐந்து நாடுகளின் வரிசைகளே விட்டுப்போயிருந்தன! அதையும் வேறு குறைகளையும் திருத்தியதும் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமானது.

அதற்காகக் கடனே ஆபத்தில்லை என்பவர்களோடும் நான் இல்லை. வட்டி விகிதம் பொருளாதார வளர்ச்சி விகிதத்தை முந்திவிட்டால், வட்டி நீங்கலான செலவைவிட அரசின் வரவு கூடுதலாக இல்லாதவரை, கடன் பொருளாதாரத்தைவிட வேகமாகப் பெருகும். பாலத்துக்கு வாங்கிய கடனும் சம்பளத்துக்கு வாங்கிய கடனும் ஒன்றல்ல. பற்றாக்குறை எத்தனை சதவீதம் என்று தலைப்பில் போடும் பத்திரிகைகள், அதில் வட்டிக்குப் போவது எவ்வளவு, கட்டுமானத்துக்குப் போவது எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே அச்சிடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்