ஊருக்கே தெரிந்த ரகசியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அப்பா சாவுக்குப் பல வருடம் கழித்து ஊர் திரும்பும் மகன், பூட்டிய மாடி அறை, டிரங்குப் பெட்டி, அதற்குள் ஒரு பழைய போட்டோ. உங்கள் விமர்சனத்தை நம்பித்தான் போன ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தோம். சரி, முதல் பாதி நன்றாகவே பயமுறுத்தினார்கள்.

ஆனால் அந்த அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததாம், முப்பது வருடமாக ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதாம். எந்த ஊரில் சார் இது? எங்கள் குடியாத்தத்தில், வேலூர் பஸ்ஸில் வந்த மனுஷன் பள்ளிகொண்டாவில் எதற்கு இறங்கினார் என்கிற பேச்சு அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

மிலிட்டரியில் இருந்த எங்கள் பெரியப்பா இறந்தபோது, வாரிசுச் சான்றுக்காகப் பெங்களூரிலிருந்து வந்த அண்ணனோடு நானும் போனேன். பெரியம்மா, அண்ணன், அக்கா என்று மூன்று பெயர் எழுதிக் கொடுத்தோம். வாங்கிப் பார்த்த விஏஓ, "பள்ளிகொண்டா பிள்ளைங்க ரெண்டு பேரை விட்டுட்டீங்களே" என்றார், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனதைச் சொல்வது மாதிரி. அண்ணனுக்கு அப்போது 47 வயது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசை மேலிருந்த ஸ்டாம்ப் பேடையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து கேட்டால் பெரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "தெரியும்டா, உனக்கு எதுக்குன்னுதான் சொல்லல" என்றார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அண்ணன் யார் யாருக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். சித்தப்பா, கணக்கு வாத்தியார், தன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்... படம் எடுக்கிறவர்கள் அந்த ராத்திரியை எடுத்திருக்கலாம். டிரங்குப் பெட்டியே வேண்டாம்.

இன்னொரு எரிச்சல். "கட்டுன தாலியே செல்லாது, உனக்கு ஒரு சென்ட் கிடையாது" என்று படத்தில் அந்த இன்னொரு குடும்பத்து இளையவனிடம் பங்காளி சொல்கிறார், அதில்தான் கொலையே நடக்கிறது. இந்து திருமணச் சட்டம் 16-ஆம் பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் அப்பா அம்மா சொத்தில் உரிமை கொடுக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரவேண்டிய பங்கிலும் அவர்களுக்கு உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கதை எழுதியவர் ஒரு வக்கீலிடம் டீ குடித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டிலும் பங்கு பிரித்தோம், கொலை எதுவும் விழவில்லை. கிணற்றோரம் இருக்கிற 20 சென்டுக்காகப் பெரிய சண்டை மட்டும் நடந்தது.

வெளியூர் போனவர்கள் எல்லோரும் வந்து சேருகிற நாள் இங்கே வைகாசி ஒண்ணாம் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பெற்ற பிள்ளையே தாயின் தலையை வெட்டிய கதை அது. அந்தச் சிரசைத்தான் தரணம்பேட்டையிலிருந்து தூக்கி வந்து, வழியெல்லாம் தேங்காய் உடைத்து, கோபாலபுரத்தில் உடலோடு பொருத்துகிறோம். இதைவிடப் பெரிய குடும்ப விவகாரம் உண்டா? நடுத்தெருவில் வைத்துத்தானே கும்பிடுகிறோம்!

இந்த வருடம் சிரசுக்குப் பள்ளிகொண்டா தம்பி முதல் தடவையாக வீட்டுக்கு வந்தான். பெரியம்மாதான் இலை போட்டார். சோற்றுக் கரண்டியை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்